மஞ்சள் கடுதாசி: கடன்காரர்களின் சிறு வரலாறு

சனிக்கிழமைகளில் பொழிச்சலூருக்கு வரும் ஷேர் ஆட்டோக்களில் இடம் கிடைக்காது. பல்லாவரத்திலிருந்தும் பம்மலிலிருந்தும் வருகிற கூட்டம் அகத்தீசுவரர் கோயிலுக்குப் போகிறது. மூலவர் அகத்தீசுவரர், அம்மன் ஆனந்தவல்லி. ஆனால் கூட்டம் வருவது தனிச் சன்னதியில் இருக்கிற சனீசுவரனுக்காக. வட திருநள்ளாறு என்று சொல்வார்கள். சென்னையின் இந்த ஓரத்தில் நவக்கிரகத் தலங்கள் என்று ஒன்பது கோயில்கள் உண்டு. மாங்காட்டுப் பக்கம் சுக்கிரன், கோவூரில் புதன், குன்றத்தூரில் ராகு. எங்கள் ஊருக்குச் சனி வாய்த்தது. தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும், கீழே எள் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

இந்த ஊரில் பல வருடம் இருந்தும் 2017 வரை நான் சனிக்கிழமையில் அந்தப் பக்கம் போனதில்லை. லேத் பட்டறைக்காரனுக்குச் சனிக்கிழமை கூலி போடும் நாள். கூலி போட ஆட்களும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை என்று ஆன பிறகுதான் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், அனகாபுத்தூரில் தறி போட்டிருந்தவர், என் தோளைத் தட்டினார்.

"எவ்ளோ தம்பி?"

"என்னங்கய்யா?"

"கடன்தான். ஏழரைன்னு வர்றவன் மூஞ்சி வேற, கடன்னு வர்றவன் மூஞ்சி வேற."

ஏழு லட்சம் என்று சொன்னேன். பொய். இருபத்துமூன்று லட்சத்துச் சொச்சம். யாரென்றே தெரியாத ஒரு மனிதரிடம், மறுபடி பார்க்கப்போகிறோமா என்றுகூடத் தெரியாதவரிடம், எதற்குக் குறைத்துச் சொன்னேன் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அந்த யோசனைதான் பின்னால் என்னைக் கன்னிமாரா நூலகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. பம்மல் ரோட்டில் மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின். தோல் பதனிடும் ஆலைகளுக்கு உருளை, ஷாஃப்ட் கடைந்து கொடுப்போம். கொஞ்சம் ஜாப் ஒர்க்கும் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு பொழிச்சலூருக்குள்ளும் அனகாபுத்தூருக்குள்ளும் வந்தது. விமான நிலையமே நாலைந்து நாள் மூடிக் கிடந்தது. மிஷின்களின் மோட்டார் சேற்றுக்குள். அவற்றை எழுப்ப வாங்கிய கடன் முதல் கடன். 2016 நவம்பர் 8 இரண்டாவது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. மூன்றாவது. வங்கிக் கடனைக் கட்டக் கைமாற்று, கைமாற்றைக் கட்டத் தண்டல், தண்டலைக் கட்ட மீட்டர் வட்டி. இந்தப் படிக்கட்டில் இறங்கியவர்களுக்கு ஒவ்வொரு படியும் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். "கடன்காரன் வந்திருக்கான்" என்றால் கொடுத்தவன். "அவன் ஒரு கடன்காரன்" என்றால் வாங்கியவன். சொல் ஒன்றுதான், ஆனால் வரலாற்றில் இரண்டு பேருக்கும் ஒரே இடம் இல்லை. கொடுத்தவர்கள் கூடிப் பேச எல்லாக் காலத்திலும் ஒரு மேடை இருந்திருக்கிறது, சட்டமே அவர்களைக் கூட்டி உட்காரவைத்திருக்கிறது. வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது கோர்ட்டு வராந்தாவில், கோயில் வரிசையில். அங்கேயும் தொகையைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு.

மார்க்கோ போலோ 1290களில் நம் சோழமண்டலக் கரைக்கு வந்தவர். அரபு வணிகர்கள் வழக்கப்படி இதை மாபார் என்று குறிப்பிடுகிறார். இங்கே பார்த்ததாக ஒரு வழக்கத்தை எழுதியிருக்கிறார். கடன் வாங்கியவன் தவணை சொல்லி ஏமாற்றிக்கொண்டே இருந்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனைத் தீர்க்காமல், அல்லது அதற்கு வழி சொல்லாமல், வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒருமுறை அரசனே வெளிநாட்டு வணிகன் ஒருவனுக்குப் பாக்கி வைத்திருந்தானாம். குதிரையில் போய்க்கொண்டிருந்த அவனைச் சுற்றி வணிகன் வட்டம் போட்டுவிட, பணம் வந்து சேரும்வரை அரசன் அசையாமல் குதிரைமேலேயே இருந்தானாம். போலோவுக்கு இது நம் ஊர் நீதியின் பெருமை. எனக்கு அதைப் படித்தபோது வேறொன்று தோன்றியது. வட்டத்துக்குள் நிற்கிறவனைப் பற்றி அவர் எழுதுகிறார், வட்டத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோடு போட்ட சுண்ணாம்பா அவனை நிறுத்தியது? தெருவே பார்த்துக்கொண்டிருந்ததே, அதுவுந்தான்.

'திவால்' நம் சொல் அல்ல. இந்தியில் திவாலா. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, பலர் ஏற்காத சொற்பிறப்பு என்று சொல்லிக்கொண்டே, ஒரு விளக்கம் தருகிறது. வியாபாரம் நொடித்த வணிகன் தன் கடையில் பெரிய விளக்கொன்றை ஏற்றி வைத்துவிட்டு, கணக்கைக் காட்டிக் கடன்காரர்களைச் சமாதானப்படுத்தும்வரை ஊர்க்கண்ணில் படாமல் போய்விடுவானாம். தீபத்திலிருந்து திவாலா. சரியோ தவறோ, எள் விளக்கு ஊரில் இருக்கிறவனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாலிக்காரனுக்கு உடைந்த பெஞ்சு, அதிலிருந்து ஆங்கிலேயனின் பேங்க்ரப்ட். தமிழனுக்கு மஞ்சள் கடுதாசி. "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்", "ஐ.பி. போட்டுட்டான்" என்று நம் பக்கத்தில் சொல்லும்போது வருகிற அந்தக் குரல் இருக்கிறதே, ஓடிப்போனான் என்பதற்கும் அதே குரல்தான்.

சென்னையின் திவால் வரலாற்றில் எல்லோரும் சொல்வது அர்பத்நாட் கம்பெனி. பாரி, பின்னி, அர்பத்நாட் மூன்றும்தான் அன்றைய மதராசின் பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள். வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்து, ஜனங்களிடம் டெபாசிட் வாங்கியது அர்பத்நாட். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. லண்டன் பங்குதாரர் மக்ஃபாடியன் அந்த மாதமே தற்கொலை செய்துகொண்டார். இங்கிருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் மேல் குற்ற வழக்கு நடந்து 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள், சிறு உத்தியோகஸ்தர்கள் போட்ட பணம் போயிற்று. அவர்களில் கணிசமானவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், இனி நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று முன்னின்று வேலை செய்தார். 1907 மார்ச் 5ஆம் தேதி இந்தியன் வங்கி பதிவானது, ஆகஸ்ட் 15 அன்று தொழிலைத் தொடங்கியது.

இந்தக் கதையை நாம் எப்போதும் பெருமையாகவே சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது முழுக்கவும் கொடுத்தவர்களின் கதை. கொடுத்து ஏமாந்தவர்கள் கூடினார்கள், வழக்காடினார்கள், ஒரு வங்கியே கட்டினார்கள். வாங்கி நொடித்தவர்கள் ஒன்றுகூடி இந்த நகரத்தில் எதையாவது கட்டியிருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சட்டப் புத்தகங்கள்தான் கிடைத்தன.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதற்குள் ஐந்து வருடம் குடியிருந்தேன். அர்பத்நாட் காலத்தில் மதராஸ் நகரத்துக்கு 1848ஆம் வருடத்திய திவால் சட்டம். அதன் இடத்தில் 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான சட்டம் வந்தது. அது கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றுக்கும். நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1907இல் ஒரு சட்டம், அதைத் திருத்தி 1920இல் இன்னொன்று. இந்த 1909ம் 1920ம் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. கிண்டியைத் தாண்டினால் நொடிப்பதற்கே வேறு சட்டம்! நகரத்து மனிதனுக்கு உயர் நீதிமன்றமும் அஃபிஷியல் அசைனியும். பொழிச்சலூர்க்காரனுக்குச் சார்பு நீதிமன்றமும் அஃபிஷியல் ரிசீவரும்.

2016இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். கம்பெனிகளுக்கு அது உடனே நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் இல்லை. அந்த அமலாகாத பகுதியில் 'புதிய தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம்: வருட வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாமல், சொத்து 20,000க்கு மேல் போகாமல், சொந்த வீடு இல்லாமல், கடன் 35,000க்குள் இருந்தால் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடலாம். பெயர் நன்றாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடிக் கடனைப் பேசி முடிக்கிற சட்டத்துக்குள் இந்த 35,000 ரூபாய்க்காரன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான்.

ஆகவே எனக்கு 1920. படித்துப் பார்த்தால் அது கொடுமையான சட்டமல்ல. சில இடங்களில் ஆச்சரியமான இரக்கம் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றில் ரிசீவர் கை வைக்க முடியாது. என் மனைவியின் தாலியும் என் ஸ்பேனர் செட்டும் அப்படித்தான் தப்பின. மிஷின்கள் வங்கிக்கு அடமானம், அவை போய்விட்டன. சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடத் தேறவில்லையென்றால் முழு விடுதலை கிடைக்காது, ஆனால் அது உன் தப்பால் நேரவில்லை என்று காட்டினால் கிடைக்கலாம். அடையாற்று வெள்ளம் என் தப்பில்லை என்று காட்ட நான் கொடுத்த போட்டோக்கள் அந்தப் பிரிவுக்காகத்தான்.

வேறு சில இடங்களில் சட்டம் 1920லேயே நின்றுபோய்விட்டது. விடுதலை ஆகாத திவாலானவன், தான் திவால் என்று சொல்லாமல் யாரிடமாவது ஐம்பது ரூபாய் கடன் பெற்றால் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. 1920இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. 2019இல் எங்கள் தெருமுனை டீக்கடையில் நாலு நாள் கணக்கு. வக்கீல் இதைச் சொன்னதிலிருந்து டீக்குக் காசை முதலில் வைத்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவேன். கடைக்காரர், "என்னா சார், புதுசா மரியாத?" என்பார்.

கடனுக்காகச் சிறை என்பதும் பழைய கதை மட்டுமல்ல. சிவில் சிறையில் கடனாளியை அடைக்கலாம், அவன் சாப்பாட்டுப் படியை அடைக்கச் சொன்னவனே கட்ட வேண்டும். என்ன விநோதமான ஏற்பாடு. பணம் இருந்தும் கொடுக்காதவனை அடைக்கலாம், இல்லாதவனை இல்லாமைக்காக அடைக்கக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ண ஐயர் தெளிவாக எழுதினார், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில். நான் அந்தத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். எந்த வசூல்காரனிடமும் காட்டியதில்லை. இருந்தது என்பது போதும்.

ஆனால் மனுப் போடுவதற்கே நான் ஒரு வருடம் தயங்கினேன். சட்டம் தெரியாமல் அல்ல. மனுவோடு கடன்காரர் பட்டியல் கொடுக்க வேண்டும், யார் யாருக்கு எவ்வளவு என்று. அந்தப் பட்டியலை எழுத எனக்குக் கை வரவில்லை. மச்சானிடம் வாங்கியது, மனைவிக்கே தெரியாமல் அவள் சித்தப்பாவிடம் வாங்கியது, எல்லாம் ஒரே காகிதத்தில் வர வேண்டும்.

இதிலிருந்து என்னை மீட்டது ஒரு வாட்ஸ்அப் தவறு. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்கள் ஒரு குழு வைத்திருந்தோம். இரும்பு விலை, எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கிறது, யாரிடம் பழைய மிஷின் விற்பனைக்கு இருக்கிறது, அவ்வளவுதான் அதில். 2018இல் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், எங்களில் ரொம்பக் கெட்டிக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவர், வக்கீலுக்கு அனுப்ப வேண்டிய வங்கி நோட்டீஸின் படத்தைக் குழுவில் போட்டுவிட்டார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் கோடு சொல்கிறது. ஒருவரும் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு இன்னொருவர் ஒன்றும் எழுதாமல் தன்னுடைய நோட்டீஸின் படத்தைப் போட்டார். அப்புறம் இன்னொன்று. விடிவதற்குள் பதினோரு நோட்டீஸ். பதினோராவது என்னுடையது.

காலையில் குழுவில் வழக்கம்போல ஒருவர் இரும்பு விலை போட்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்களில் ஏழெட்டுப் பேர் தனியாகப் பேச ஆரம்பித்தோம். பெரிய ஆலோசனை ஒன்றுமில்லை. தண்டல்காரனிடம் ரசீது கேட்டு வாங்கு. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதே. வசூல் ஆள் சத்தம் போட்டால் ரெக்கார்ட் பண்ணு. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பு. இந்தக் கடைசி விஷயத்தை அந்தக் கெட்டிக்காரர் என்னை மூன்று நாள் விடாமல் கேட்டார். "பெரியது முதல்ல வேணாம்ப்பா. வெக்கமா இருக்கிறத முதல்ல எழுது" என்றார். சித்தப்பாவின் நாற்பதாயிரத்தை முதலில் எழுதினேன். மற்றவை தானாக வந்தன. அன்று ராத்திரி மனைவியிடமும் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னொன்னு விட்டுட்டீங்க" என்று சொல்லி, அவளுடைய குழுக் கடனையும் எழுதினாள். அது எனக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடன்பட்டவர்களைக் கடன்பட்டவர்களோடு சேர்த்து உட்காரவைத்தால் மீள்வார்கள் என்ற யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் குடிநோயிலிருந்து மீள்கிறவர்களின் கூட்டத்தைப் பார்த்து, 1970களில் கடனாளிகளுக்கென்றே பெயர் சொல்லாத கூட்டங்கள் ஆரம்பித்தன. ஆனால் நம் மாவட்டத்திலேயே அதற்கு முன்னோடி இருந்தது. மதராஸ் மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் நிக்கல்சன், உழவர் கடனுக்கு என்ன செய்யலாம் என்று ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து 1895லும் 1897லும் இரண்டு பகுதியாகப் பெரிய அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்துக் கடன் சங்கங்கள் நடத்திய முறை அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருடமே திரூரில் உழவர் கடன் சங்கமும் பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இரண்டும் பொழிச்சலூரைப் போலவே அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையும் அதே 1904தான்.

கிராமச் சங்கத்தின் அடிப்படை விதி வரம்பற்ற பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் எல்லோரும் பொறுப்பு. அதனால் ஒருவன் கஷ்டம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும், கை கொடுப்பார்கள் என்பது நிக்கல்சன் காலத்து நம்பிக்கை. நூறு வருடம் கழித்து, அதே விதி வேறு வேஷத்தில் எங்கள் தெருவுக்கு வந்தது. பத்துப் பெண்கள் சேர்ந்த குழு, வாராவாரம் தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். கம்பெனி ஆள் வந்து, பணம் முழுதாகச் சேரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரு வீட்டில் உட்கார்ந்துகொள்வான். ஒன்பது பெண்களும் பத்தாவது பெண்ணின் வாசலில் போய் நிற்பார்கள். 2010இல் ஆந்திராவில் தற்கொலைகள் நடந்து அக்டோபரில் அவசரச் சட்டம் போடுமளவுக்குப் போனது இந்த ஏற்பாடுதான். என் மனைவி முதல் வருடம் அடுத்தவர் வாசலில் போய் நின்றிருக்கிறாள். இரண்டாவது வருடம் அவர்கள் எங்கள் வாசலில். "நானும் அப்படித்தானே பேசினேன்" என்று அழுதாள். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு என்று வந்த விதி, வட்டம் போடுகிற வேலையைப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் கொடுத்துவிட்டது. போலோ பார்த்த வட்டத்துக்கு ஒரே ஒருவன்தான் கோடு போட்டான்.

அனகாபுத்தூர்ப் பெரியவரை அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகளில் பார்த்தேன். உண்மையான தொகையை மூன்றாவது தடவை சொன்னேன். "தெரியும், ஏழு லட்சத்துக்கு இவ்ளோ மெலிய மாட்ட" என்றார். 1938இல் ராஜாஜி ஆட்சியில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றி அவர்தான் முதலில் சொன்னார். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் பழைய கடன் முழுதும் தீர்ந்ததாகச் சட்டமே அறிவித்தது. அவருடைய அம்மா வழித் தாத்தா கடன் அதில் போனதாம். "அப்பா வழில போவல. நமக்கு நெலம் கெடையாது, தறிதானே. தறிக்காரன் விவசாயி இல்லன்னுட்டாங்க." சட்டத்தைப் பார்த்தேன். விவசாயி என்றால் நிலத்தில் பாத்தியதை உள்ளவன் என்றுதான் இருக்கிறது. எந்த நிவாரணமும் ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் சிலரை நிறுத்திவிட்டுத்தான் வருகிறது போல.

2018 கடைசியில் மனுப் போட்டேன். பத்திரிகையில் விளம்பரம் வந்த அன்று, டீக்கடையில் அந்தப் பக்கம் மேலே தெரியும்படி பேப்பரை மடித்து வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததா தெரியாது. குழுவில் இருந்து இரண்டு பேர் அன்று வேலையை விட்டுவிட்டு வந்து என்னோடு அதே கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். காசை முதலில் வைத்துவிட்டு.

இனி 2020. ஊரடங்கு. என் பட்டறையில் நாலு வருடம் வேலை பார்த்த தம்பி ஒருவன், பெயர் வேண்டாம், பட்டறை மூடியபின் வேறு இடத்தில் சேர்ந்து, ஊரடங்கில் அதுவும் போய், போனில் ஓர் ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறான். ஐயாயிரம் கேட்டால் மூவாயிரத்துச் சொச்சம் கையில் வரும், ஏழே நாளில் ஐயாயிரம் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு ஆப். எனக்கு இது எப்படித் தெரிந்தது? என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவன் படம், கீழே திருடன் என்று, அவனுக்கு நீங்கள்தான் ஜாமீன் என்று. அவன் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் அதே செய்தி. பெண் பார்த்து முடிவு செய்திருந்த வீட்டுக்கும்.

வட்டம் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். அரசனைச் சுற்றிய வட்டத்துக்குத் தெருவில் நின்றவர்கள்தான் சாட்சி. இதற்கு ஒருவன் வாழ்நாளில் சேர்த்த எல்லா எண்களும்.

செய்தியைப் பார்த்ததும் அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஊரடங்கு நேரம், பம்மல் மெயின் ரோட்டில் போலீஸ் நிறுத்தினார்கள், மருந்து வாங்க என்றேன். அவன் அம்மா, "மாடில படுத்திருக்காம்ப்பா, காலைலேந்து கதவு தெறக்கல" என்றார். கதவைத் தட்டிக்கொண்டே, என்ன சொல்வது என்று தெரியாமல், என் கடன் பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தேன். சித்தப்பா நாற்பதாயிரம். வங்கி பன்னிரண்டு லட்சம். மீட்டர் ஒன்றரை லட்சம். மச்சான் அறுபதாயிரம். சத்தமாக, தெருவே கேட்க. பாதியில் கதவு திறந்தது. அவன் கையில் என்ன வைத்திருந்தான் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவனைத் தனியாக விடாமல் முறை போட்டு எட்டு நாள் கூட இருந்தோம். நேரில் போக முடியாதவர்கள் ராத்திரியில் வீடியோவில் இருந்தார்கள், சும்மா, அவரவர் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே. மனசு முறிந்தவர்களுக்காகச் சென்னையில் 1986இலிருந்து இயங்குகிற சிநேகா அமைப்பை எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் அவனைப் பேசவைத்தார். அவன் போனில் இருந்தவர்களில் சுமார் நூறு பேருக்கு நாங்களே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். பெண் வீட்டுக்கு நான் பேசினேன். "நான் மஞ்சக் கடுதாசி குடுத்தவன், நான் சொன்னா நம்புங்க" என்று ஆரம்பித்தேன். அதைவிட மோசமான சிபாரிசு இருக்க முடியாது. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

அவன் கொடுத்த புகார் என்னவாயிற்று என்பது வேறு கதை, நீளம். பொதுவில் நடந்தது என்னவென்றால், 2021 ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு பெங்களூரில் இருந்து இயங்கிய ஒரு கடன் ஆப் கூட்டத்தைப் பிடித்தது, சீனர்கள் இருவர் உட்பட. அதே மாதம் ரிசர்வ் வங்கி ஆய்வுக் குழு போட்டது. 2022 ஆகஸ்டில், காலை 8க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்றது. செப்டம்பரில் வந்த வழிகாட்டுதலில், கடன் ஆப்புகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்றது. கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் இன்னொன்று. சட்டங்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு விடுதலை கொடுத்தது ஒரு சட்டம்தான். 2023இல் சார்பு நீதிமன்றம் உத்தரவு போட்டது, இரண்டு பக்கம். சித்தப்பாவின் நாற்பதாயிரமும் அதில் அடங்கிப் போயிற்று. அதை மட்டும் மாதம் ஆயிரமாக இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல், "சட்டப்படி தேவையில்ல சார்" என்றார். சித்தப்பாவும் வேண்டாம் என்றார்.

உத்தரவு வந்த அன்று டீக்கடையில் கணக்கில் எழுதச் சொல்லி ஒரு டீ குடித்தேன். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். தம்பி இப்போது குரோம்பேட்டையில் வேறொரு பட்டறையில் சி.என்.சி. ஓட்டுகிறான். நான் அதே பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன், அவன் சொல்லிச் சேர்த்துவிட்டது. சனிக்கிழமை அரைநாள் லீவு.

இரண்டு வாரம் முன்னால் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு. போன் வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்த்து வெட்டிவிட்டான். ஐந்தாறு தடவை பார்த்தேன். தோளைத் தட்டி, "எவ்ளோ தம்பி?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு லட்சம்ணே" என்றான்.

சரி என்று சொல்லி, விளக்கைப் போட்டுவிட்டு வா, வெளியே டீக்கடையில் இருக்கிறேன் என்றேன்.